50 வாட் வால்வு ஆம்ப், ஏழாவது மாடி: ஸ்பீக்கரை மாற்றுவதா, அட்டெனுவேட்டர் வாங்குவதா?

ஏழாம்மாடி (சனி, இரவு 9.50)

வெளிநாட்டில் குடியேறப் போகும் ஒருவரிடமிருந்து போன மாதம் மார்ஷல் 1987எக்ஸ் கிட்டார் ஹெட்டும் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) 1960ஏ ஸ்பீக்கர் பெட்டியும் வாங்கினேன். இரண்டு இஎல்34 வால்வுகள், 50 வாட், மொத்தச் சத்தத்தைத் தனியாகக் குறைக்கும் மாஸ்டர் வால்யூம் கிடையாது. பெட்டிக்குள் நான்கு செலஸ்டியன் ஜி12டி-75. லிஃப்டில் ஏற்ற இரண்டு ஆட்கள் வேண்டியிருந்தது. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

வால்யூம் குமிழ் 2-இல் இருக்கும்போது ஒலி தெளிவாக இருக்கிறது, ஆனால் உயிரில்லை. நான் ஆசைப்பட்ட கரகரப்பு 6-ஐத் தாண்டினால்தான் வருகிறது. ஒரே ஒரு முறை 6-இல் வைத்து ஒரு கார்டை அடித்தேன். சமையலறை அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. சற்று நேரத்தில் கீழ்வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டினார். கோபப்படவில்லை. “மேலே ஏதாவது விழுந்துவிட்டதா தம்பி?” என்று அக்கறையோடு கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

75 வாட் ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு அதே செலஸ்டியனின் 25 வாட் கிரீன்பேக் போட்டால் சத்தம் குறையுமா? அல்லது ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நின்று சக்தியைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் வாங்கினால்தான் வழியா? வாங்குவதானால் எந்த வகை?

ஈயப்பற்று (சனி, இரவு 10.35)

ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் வாட் அது எவ்வளவு சத்தம் போடும் என்பதற்கான எண் அல்ல. எவ்வளவு அடி தாங்கும் என்பதற்கான எண். சத்தத்துக்கு உணர்திறனைப் பாருங்கள். ஜி12டி-75-க்கு அது 97 டெசிபல். ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 97 டெசிபல் கேட்கும் என்று பொருள். கிரீன்பேக்குக்கு 98. நீங்கள் செலவழித்துச் சத்தத்தைக் கூட்டிக்கொள்ளப் போகிறீர்கள்.

கணக்கைப் போடுவோம். வாட் இரட்டித்தால் 3 டெசிபல் கூடும், பத்து மடங்கானால் 10 கூடும். 50 வாட் என்றால் 17 கூடி 114. இது ஒரு ஸ்பீக்கருக்கு. நான்கு சேர்ந்து தள்ளும்போது இன்னும் மேலே. அடுக்ககத்தில் யாரும் கதவைத் தட்டாத அளவு 78 என்று வைத்துக்கொண்டால் 36 டெசிபல் இறங்க வேண்டும். அதாவது 50 வாட்டை ஏறத்தாழ 4,000-ஆல் வகுக்க வேண்டும். மிஞ்சுவது 0.0125 வாட். ஸ்பீக்கரை மாற்றி இந்தத் தூரத்தைக் கடக்க நினைப்பது, யானையை இளைக்கவைக்க அதன் கழுத்து மணியைக் கழற்றுவது போன்றது.

சின்னப்பெட்டி (சனி, இரவு 10.50)

எல்லாவற்றையும் விற்றுவிட்டு 5 வாட் ஆம்ப் ஒன்று வாங்குங்கள். தலைவலி போயிற்று.

ஈயப்பற்று (சனி, இரவு 10.58)

போகாது. 50-இலிருந்து 5 வாட்டுக்கு வந்தால் 10 டெசிபல்தான் குறையும். காதுக்கு அது பாதிச் சத்தமாகத் தெரியும், அவ்வளவுதான். முழுவதும் திறந்த 5 வாட் ஆம்ப் அதே ஸ்பீக்கரில் 104 டெசிபல் போடும். பெரியவர் ஏழாவது மாடிக்கு ஏறிவர இரண்டு நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொள்வார், அதுதான் மிச்சம்.

பச்சைக்கூம்பு (ஞாயிறு, காலை 7.20)

ஈயப்பற்று அண்ணன் சொல்வதில் கணக்குச் சரி. ஆனால் கணக்கோடு நிறுத்திவிட்டார். சத்தத்துக்காக ஸ்பீக்கரை மாற்றாதீர்கள் என்றால் சரி. ஸ்பீக்கரையே மறந்துவிடுங்கள் என்று படித்துவிடக் கூடாது. கிட்டார் ஸ்பீக்கர் வீட்டு ஹைஃபை ஸ்பீக்கர் போல உள்ளதை உள்ளபடி ஒப்பிக்கும் சாதனமல்ல. 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் அதன் குரல் வேகமாகச் சரிந்துவிடும். அந்தச் சரிவு இல்லையென்றால் டிஸ்டார்ஷன், அதாவது நீங்கள் தேடும் கரகரப்பு, முழுவதும் தகரத்தைக் கீறும் ஒலியாகக் கேட்கும். ஒரே ஆம்ப்பை இரண்டு ஸ்பீக்கரில் கேட்டால் இரண்டு ஆம்ப் என்றே சத்தியம் செய்வீர்கள்.

என் அனுபவத்தில், ஜி12டி-75 நடுப்பகுதியில் சற்று உள்வாங்கி, அடியிலும் மேலேயும் எடுப்பாக இருக்கும். 1980-களின் கனமான இசைக்குப் பொருத்தம். உங்கள் 1987 வகை (அது மாடல் எண், ஆண்டல்ல) ஆம்ப்போடு 1960-களில் கூட இருந்தது கிரீன்பேக்தான். நடுவில் பேசும், மேலே உறுத்தாது, அடியில் கொஞ்சம் தளர்வு. வின்டேஜ் 30 என்பது பெயரில் பழையது, 1986-இல் வந்தது. 60 வாட் தாங்கும், 100 டெசிபல். மேல்நடுப் பகுதியில் ஒரு மேடு உண்டு. மேடையில் டிரம்ஸைத் தாண்டிக் கேட்க உதவும், சிறிய அறையில் காதைக் குத்தும். க்ரீம்பேக் 65 என்பது கிரீன்பேக்கின் குணத்தை 65 வாட் தாங்கும் உடம்பில் வைத்தது. உணர்திறன் 97. உங்கள் வீட்டுக்கு என் ஓட்டு அதற்கே.

இன்னொன்று: எமினென்ஸ் நிறுவனத்தின் மேவரிக், ரெயின்மேக்கர் என்ற ஸ்பீக்கர்களில் பின்புறம் ஒரு குமிழ் இருக்கும். அதைத் திருகினால் காந்தப் புலமே பலவீனமாகி உணர்திறன் 100-இலிருந்து 91 வரை இறங்கும். ஸ்பீக்கரால் சத்தம் குறையவே குறையாது என்று யாரும் சொல்லிவிட முடியாது!

ஈயப்பற்று (ஞாயிறு, காலை 8.05)

9 டெசிபல். தேவை 36.

ஏழாம்மாடி (ஞாயிறு, காலை 9.15)

பச்சைக்கூம்பு அவர்களே, அப்படியானால் ஒரே ஒரு 25 வாட் கிரீன்பேக்கை ஒற்றை ஸ்பீக்கர் பெட்டியில் போட்டு, நடுவில் அட்டெனுவேட்டர் வைத்தால்? ஸ்பீக்கருக்குப் போவது எப்படியும் அரை வாட்தானே?

ஈயப்பற்று (ஞாயிறு, காலை 9.40)

கோட்பாட்டில் தாங்கும். அட்டெனுவேட்டரில் ‘பைபாஸ்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும், தட்டினால் தணிப்பு இல்லாமல் முழுச் சக்தியும் ஸ்பீக்கருக்குப் போகும். உங்கள் நண்பர் ஒருவர் வருவார், “இது என்ன?” என்று கேட்டுக்கொண்டே அதைத் தட்டுவார். 50 வாட் என்பது ஒலி சுத்தமாக இருக்கும் வரையிலான கணக்கு. வால்வுகள் ஒலியலையின் முகட்டை வெட்டத் தொடங்கிய பிறகு அதைவிடக் கணிசமாக அதிகமாகவே வரும். 25 வாட் ஸ்பீக்கரின் கம்பிச் சுருள் (வாய்ஸ் காயில்) கருகும் மணம் தனி மணம். ஒரு முறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். நான் முகர்ந்திருக்கிறேன், என் சொந்தச் செலவில்.

ஒற்றை ஸ்பீக்கர் என்றால் ஆம்ப் வாட்டைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தாங்குவதாகப் பாருங்கள். 50 வாட்டுக்கு 75 நலம். அட்டெனுவேட்டர் எப்போதும் நடுவில் இருக்கும் என்றால் 65 போதும்.

வால்வு ரேடியோ (ஞாயிறு, காலை 11.30)

தம்பி, நான் கிட்டார் வாசிப்பவன் அல்ல. பழைய ரேடியோக்களும் ஆம்ப்களும் பழுது பார்த்துப் பழகியவன். இரண்டு செய்தி சொல்கிறேன்.

ஒன்று, எதையும் வாங்குவதற்கு முன் கையில் இருக்கும் பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள். 1960ஏ-யில் மோனோ, ஸ்டீரியோ என்று மாற்றும் வசதி உண்டு. உள்ளே நான்கும் 16 ஓம் ஸ்பீக்கர்கள். மோனோவில் 16 அல்லது 4 ஓம், ஸ்டீரியோவில் பக்கத்துக்கு 8 ஓம். ஸ்டீரியோவில் வைத்து ஒரு பக்கத்தில் மட்டும் செருகுங்கள். ஹெட்டின் ஓம் தேர்வுச் சுவிட்சை 8-க்கு மாற்றுங்கள். இரண்டு ஸ்பீக்கர்தான் பாடும். இரண்டும் சேர்ந்து 150 வாட் தாங்கும், பயமில்லை. செலவு எதுவும் இல்லை. ஸ்பீக்கர் எண்ணிக்கை பாதியானால் அடி ஒலிகளில் சுமார் 3 டெசிபல் குறையும். நான்கிலிருந்து ஒன்றுக்கு வந்தால் சுமார் 6. கீழ்வீட்டுக்குப் போவது இந்த அடி ஒலிதான். பெட்டி தரையில் நேராக நிற்கிறதா? அடியில் கெட்டியான ரப்பரோ பழைய மெத்தையோ போடுங்கள்.

இரண்டாவது, மாற்றும்போதெல்லாம் ஆம்ப்பை அணைத்துவிட்டு மாற்றுங்கள். ஸ்பீக்கரோ அதற்கு ஈடான மின்சுமையோ இணைக்காமல் வால்வு ஆம்ப்பை ஒருபோதும் ஓட்டாதீர்கள். டிரான்சிஸ்டர் ஆம்ப் அதைப் பொறுத்துக்கொள்ளும். இங்கே வெளியேற வழியில்லாத ஆற்றல் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுற்றில் பெரும் மின்னழுத்தமாக எகிறி, உள் காப்பையே துளைத்துவிடும். அட்டெனுவேட்டருக்கும் ஆம்ப்புக்கும் இடையே கிட்டார் கேபிளைப் போடாதீர்கள்; மெல்லிய உள்கம்பி, சூடேறி அறுந்தால் அதே கதைதான். தடித்த ஸ்பீக்கர் கேபிள் மட்டுமே.

மூன்றாம்பிரெட் (ஞாயிறு, பிற்பகல் 2.10)

கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் வேரியாக் வைத்து ஆம்ப்புக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைத்துத்தானே அந்த ஒலியைக் கொண்டுவந்தார்? நம் கல்லூரி ஆய்வகத்து டிம்மர்ஸ்டாட் அதே பொருள்தானே? மலிவாகக் கிடைக்கிறது. இல்லாவிட்டால் வால்வில் ஒன்றைக் கழற்றிவிடலாம் என்றும் படித்தேன்.

வால்வு ரேடியோ (ஞாயிறு, மாலை 4.00)

பொருள் அதேதான். ஆனால் சுவர் மின்சாரத்தைக் குறைத்தால் உயர் மின்னழுத்தத்தோடு வால்வின் இழையைச் சூடாக்கும் 6.3 வோல்ட்டும் சேர்ந்து குறையும். சூடு போதாத கத்தோடிலிருந்து (வால்வுக்குள் எலக்ட்ரான் விடும் பகுதி) மின்னோட்டத்தை உறிஞ்சினால் வால்வின் ஆயுள் கரையும். அவர் மேடைக்கு மேடை புது வால்வு மாற்றக்கூடியவர். அதோடு, மின்னழுத்தத்தை உயர்த்துவதாகவும் பேட்டியில் சொல்லிவைத்தார். நம்பி உயர்த்தியவர்களின் ஆம்ப் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வால்வைக் கழற்றும் வித்தை நான்கு வால்வு உள்ள 100 வாட் ஆம்ப்புக்கு. ஒரு ஜோடியைக் கழற்றினால் சுவிட்சைப் பெட்டியின் ஓமில் பாதிக்கு வைக்க வேண்டும், கிடைப்பது வெறும் 3 டெசிபல் குறைவு. இவரிடம் இருப்பதே இரண்டு. ஒன்றைக் கழற்றினால், இரண்டும் மாறி மாறித் தள்ளி இழுக்கும் புஷ்-புல் சுற்றில் புல் மட்டும் மிஞ்சும். வேண்டாம்.

தாழ்வாரம் (ஞாயிறு, இரவு 8.45)

ஒலிப்பதிவு வேலையில் இருப்பவள் என்பதால் அட்டெனுவேட்டர் பக்கம் பேசுகிறேன்.

8 ஓம் ஸ்பீக்கர் என்று எழுதியிருந்தாலும் அது எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓமாக இருப்பதில்லை. கூம்பு இயல்பாக ஆடும் இடத்தில், கிரீன்பேக் வகைக்குச் சுமார் 75 ஹெர்ட்ஸில், அந்த ஓம் கணக்கு, அதாவது மின்மறுப்பு, பல மடங்கு எகிறும். மேல் அதிர்வெண்களுக்குப் போகப் போக மறுபடி ஏறும். வால்வு ஆம்ப் இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப அங்கங்கே கூடுதல் மின்னழுத்தம் தருகிறது. நாம் ‘விரலுக்குத் திருப்பிப் பேசுகிறது’ என்று சொல்வதில் பாதி இதுதான். வெறும் ரெசிஸ்டர்களால் ஆன அட்டெனுவேட்டரை நடுவில் வைத்தால் ஆம்ப் காண்பது எங்கும் ஒரே மாதிரியான 8 ஓம் சமவெளி. அடியும் மேலும் மங்கி, போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போலாகும். சுருளும் மின்தேக்கியும் வைத்து ஸ்பீக்கரின் வளைவைப் போலிசெய்யும் ரியாக்டிவ் வகை இதைப் பெருமளவு தவிர்க்கும். வெபர் மாஸ் இன்னும் வேடிக்கை: உள்ளே கூம்பு இல்லாத ஒரு ஸ்பீக்கர் மோட்டாரே சுமையாக இருக்கும்.

உங்களுக்கு நான் சொல்வது ரியாக்டிவ் லோட் பாக்ஸ், அதாவது ஸ்பீக்கருக்குப் பதிலாகச் சுமையாக நின்று ஆம்ப்பின் சக்தியை வாங்கிக்கொள்ளும் பெட்டி. இரவில் ஸ்பீக்கரையே இணைக்காமல், ஆம்ப்பை அதில் செருகி, பெட்டியின் ஒலிப் பதிவான ஐஆர் வழியாக ஹெட்போனில் கேளுங்கள். 78 டெசிபல் கேள்வியே எழாது.

ஈயப்பற்று (ஞாயிறு, இரவு 9.20)

சகோதரி சொல்லும் சமவெளிக் கதை அட்டெனுவேஷன் அதிகமாகும்போது உண்மை. ஆனால் 6 அல்லது 8 டெசிபல் வரை குறைக்க நல்ல ரெசிஸ்டர் வகையே போதும். ‘போர்வை’ புகாரில் பெரும்பகுதி பெட்டியின் குற்றமல்ல, காதின் குற்றம். 1933-இலேயே ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிவிட்டார்கள்: சத்தம் குறையும்போது மனிதக் காது அடி ஒலியை மற்றவற்றைவிட வேகமாக இழக்கும், உச்சத்திலும் கொஞ்சம் இழக்கும். ஆயிரக்கணக்கில் கொடுத்து ரியாக்டிவ் வாங்கினாலும் அந்தக் காதுதான் கேட்கப் போகிறது.

தாழ்வாரம் (ஞாயிறு, இரவு 9.50)

காதின் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு வகையையும் ஒரே அளவு சத்தத்துக்குச் சமன்செய்து பதிவுசெய்து கேட்டிருக்கிறேன். அப்போது காது இரண்டுக்கும் பொது. இருந்தும் வித்தியாசம் கேட்டது, முக்கியமாக தடித்த நரம்புகளை உள்ளங்கையால் அமுக்கி வாசிக்கும்போது. 6 டெசிபலில் நீங்கள் சொல்வது சரி. 20 டெசிபலில் சரியல்ல. இவருக்குத் தேவை 20-க்கு மேல்.

ஈயப்பற்று (ஞாயிறு, இரவு 10.02)

20-க்கு மேல் என்றால் ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆழத்தில் ஸ்பீக்கரின் கூம்பே அசைய மறுக்கும்; அதன் சொந்தக் கரகரப்பும் காணாமல் போகும். அதை எந்தப் பெட்டியும் திருப்பித் தராது.

பச்சைக்கூம்பு (திங்கள், காலை 6.50)

அதனால்தான் சொன்னேன், கூம்பு சும்மா இருக்கும்போதும் பிடிக்கும் குரல் உள்ள ஸ்பீக்கராகத் தேர்ந்தெடுங்கள் என்று. கடையில் முழுச் சத்தத்தில் கேட்டு வாங்கியதை வீட்டில் முணுமுணுக்கவிட்டால் ஏமாற்றம்தான். குறைந்த சத்தத்திலேயே கேட்டுத் தேர்ந்தெடுங்கள். அதோடு, 12 அங்குல ஸ்பீக்கரின் மேல் அதிர்வெண்கள் டார்ச் வெளிச்சம் போல நேர்க்கோட்டில்தான் போகும். முழங்கால் உயரத்தில் பெட்டியை வைத்து, நின்றுகொண்டு வாசித்து, டிரெபிளைத் திருகிக்கொண்டே போகிறவர்கள் எத்தனை பேர்! சாய்த்து வைத்துக் காதுக்கு நேராகக் கேளுங்கள். பாதிப் பேர் அதன்பிறகு ஸ்பீக்கரை மாற்றமாட்டார்கள்.

ஏழாம்மாடி (அடுத்த ஞாயிறு, மாலை 5.30)

ஒரு வார நிலவரம்.

முதல் நாள் வால்வு ரேடியோ ஐயா சொன்னபடி பாதிப் பெட்டியும் மெத்தையும். காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. டம்ளர்கள் பேசுவது நின்றுவிட்டது. கீழே போய்ப் பெரியவரிடமே கேட்டேன். “முன்பு தரை அதிர்ந்தது, இப்போது பாட்டு என்று தெரிகிறது” என்றார். முன்னேற்றம்.

பிறகு நண்பரிடம் ரெசிஸ்டர் வகை அட்டெனுவேட்டர் ஒன்றை இரவல் வாங்கினேன். 4 டெசிபல் குறைத்தபோது, 8 குறைத்தபோது, அருமை. 12-இல் பரவாயில்லை. 16-இல் தாழ்வாரம் அக்கா சொன்ன போர்வை வந்துவிட்டது. அரை மணி நேரத்தில் மேல் மூடியில் கை வைக்க முடியாத சூடு. போன சக்தி எல்லாம் அங்கேதான் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

வியாழக்கிழமை ஒற்றை ஸ்பீக்கர் பெட்டியில் க்ரீம்பேக் 65 போட்டு, ஸ்பீக்கருக்குத் தணித்தும் அனுப்பும் 8 ஓம் ரியாக்டிவ் லோட் பாக்ஸும் வாங்கிவிட்டேன். ஸ்டூலில் வைத்துச் சாய்த்திருக்கிறேன். ஒரு எதிர்பாராத செய்தி: நான் 6 என்று அடம்பிடித்தது தேவையே இல்லை. காதுக்கு நேராகக் கேட்டால் 4½-இலேயே நான் தேடிய கரகரப்பு இருக்கிறது. கிட்டாரின் வால்யூம் குமிழைக் குறைத்தால் தெளிந்துவிடுகிறது. மாலை ஐந்து முதல் ஆறு வரை 20 டெசிபல் தணித்து ஸ்பீக்கரில். கைபேசிச் செயலி 87, 88 என்று காட்டுகிறது. இரவில் ஹெட்போன்.

ஹெட்போனில் ஒலி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கால்சட்டையில் காற்று படவில்லை. அதற்கு ஐஆர் கிடையாது போலிருக்கிறது.

வால்வு ரேடியோ (ஞாயிறு, மாலை 6.15)

88 என்றால் அமெரிக்கத் தொழில்நலக் கழகமான நியோஷ் கணக்கில் நாளுக்கு நான்கு மணி நேரம் வரை. 85-க்கு எட்டு மணி. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 என்றால் கால் மணிதான். ஹெட்போனிலும் அதே கணக்கு, அதை மறந்துவிட வேண்டாம். லோட் பாக்ஸில் சத்தம் கேட்காது என்பதால் ஆம்ப்பை மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓட்டாதீர்கள். வால்வுக்கு வீடு தெரியாது, மேடை தெரியாது, முழு உழைப்பு முழு உழைப்புதான்.

சின்னப்பெட்டி (ஞாயிறு, மாலை 6.40)

லோட் பாக்ஸ், புது ஸ்பீக்கர், புதுப் பெட்டி, ஸ்டூல். நான் சொன்ன 5 வாட் ஆம்ப்பை இரண்டு வாங்கியிருக்கலாம்.

ஏழாம்மாடி (ஞாயிறு, மாலை 6.55)

என் மனைவியும் இதையேதான் சொன்னார், இதே தொனியில்.

ஈயப்பற்று (ஞாயிறு, இரவு 9.10)

அந்த 1960ஏ பெட்டி இப்போது சும்மாதான் கிடக்கிறதா? விற்கும் எண்ணம் இருந்தால் சொல்லுங்கள். எனக்கு அல்ல. சரி, எனக்குத்தான்.

ஏழாம்மாடி (ஞாயிறு, இரவு 9.25)

வாருங்கள் அண்ணா. லிஃப்ட் வரை தூக்க இரண்டு ஆட்களோடு வாருங்கள்.